சில்லறைக் கேள்விகள்

போன இதழில் பேச்சோடு பேச்சாக, "நம் சட்டைப்பையில் கிடக்கிற குற்றிக்காசு ஒன்றுகூட இந்த இலங்கை நாட்டில் அடித்ததில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு இத்தனை கடிதமும் குரல்பதிவும் வரும் என்று நினைக்கவில்லை. சமையல் குறிப்புக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். 31 வருடம் வங்கியில் காசாளராக இருந்து சில்லறை எண்ணியே கட்டைவிரல் நகம் கறுத்தவன் நான், அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டார்கள், ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (கல்லடி, பாடசாலை மாணவன்): சேர், காசு அடிக்கிற இடம் பியகமவில் இருக்கு என்று எங்கட வகுப்பு ஆசிரியர் சொல்கிறார். நீங்கள் இல்லை என்கிறீர்கள். யார் சரி?

இரண்டு பேரும் சரி தம்பி, ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பியகமவில் அச்சாவது தாள்காசு. டி லா ரூ என்ற ஆங்கிலேயக் கம்பனியும் நம் அரசும் கூட்டாக நடத்துகிற அச்சகம் அது. குற்றிக்காசு வேறு கதை. அதை அடிக்கிற அக்கசாலை நம் நாட்டில் இல்லை. மத்திய வங்கி வடிவத்தை முடிவு செய்யும், எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடும், வெளிநாட்டு அக்கசாலைகளிடம் விலை கேட்கும், யாருக்குக் கிடைக்கிறதோ அவர்கள் அடித்துப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புவார்கள். நெடுங்காலம் அந்த வேலை பெரும்பாலும் போனது இங்கிலாந்தின் ரோயல் மின்ற் என்ற அரச அக்கசாலைக்கு. நூற்றாண்டுக் கணக்காக லண்டனில் இருந்த அந்த அக்கசாலை 1968இல் வேல்ஸ் நாட்டில் லான்ட்ரிசன்ற் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது, ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், பல நாடுகளுக்குக் காசு அடித்துக் கொடுத்த அதே இடம் 2024 முடிவோடு வெளிநாடுகளுக்குப் புழக்கக் காசு அடிப்பதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. உலகம் முழுக்கச் சில்லறைப் புழக்கம் குறைகிறது, வேலை இல்லை. கனடாவின் வினிப்பெக் நகரத்தில் இருப்பது போல வேறு நாட்டுக்காரருக்கு அடித்துக் கொடுக்கிற அக்கசாலைகள் இன்னும் இருக்கின்றன.

அதற்காக இந்தத் தீவு எப்போதுமே காசு அடித்ததில்லை என்று நினைத்துவிடாதே. யாழ்ப்பாண அரசர்கள் நந்தி உருவத்தோடு 'சேது' என்று எழுதிக் காசு அடித்தார்கள். ஒல்லாந்தர் காலக் கடைசியில், 1780களிலும் 90களிலும், தடித்த செப்புக் காசுகள் இங்கேயே அடிக்கப்பட்டன. எந்த ஊரில் அடித்தது என்று காட்ட அதில் ஓர் எழுத்து இருக்கும்: கொழும்புக்கு ஒன்று, காலிக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, திருகோணமலைக்கு ஒன்று. மட்டக்களப்புக்கு எழுத்து இல்லை. கோட்டை கட்டத் தெரிந்தவனுக்கு இங்கே ஓர் உலை போடத் தெரியவில்லை போலும்! வெள்ளைக்காரன் வந்த பிறகும் கொழும்பில் யானை பொறித்த செப்புக் காசு கொஞ்சக் காலம் அடித்தான். நாம் இப்போதும் 'துட்டு' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் ஒல்லாந்தரின் சிறுகாசின் பெயரிலிருந்து வந்தது. அதற்கு எதிர்ச்சீராக 'காசு' என்ற நம் சொல் போர்த்துக்கேயர் வாய் வழியாகப் போய் ஆங்கிலத்தில் உட்கார்ந்துகொண்டது.

கேள்வி (ஆரையம்பதி, வாசகி): அண்ணன், ஒரு காசு எப்படித்தான் செய்வார்கள்? உருக்கி அச்சில் ஊற்றுவார்களா? என் மகளுக்கு விளங்கும்படி எழுதுங்கள்.

உருக்கி அச்சில் ஊற்றுவது பழங்காலத்து முறைகளில் ஒன்று தங்கச்சி, இப்போது அப்படி இல்லை. நீங்கள் பற்றிஸ் சுடுகிறவர்தானே? அதையே சொல்கிறேன். மாவைக் குழைத்து உருட்டிப் பலகையில் வைத்துத் தேய்க்கிறீர்கள். அங்கே உலோகத்தை உருக்கிப் பாளமாக்கி, பெரிய உருளைகளுக்கு நடுவே விட்டு விட்டு எடுத்து, காசின் தடிப்புக்குத் தகடாக்குகிறார்கள். நீங்கள் ரின் மூடியை வைத்து வட்டம் வெட்டுகிறீர்கள், அங்கே ஓர் இயந்திரம் தகட்டில் வட்ட வட்டமாகக் குத்தித் தள்ளும். வெட்டிய பிறகு நடுவில் மிஞ்சுகிற மாவை என்ன செய்வீர்கள்? திரும்பக் குழைப்பீர்கள். அங்கேயும் ஓட்டை ஓட்டையாக மிஞ்சுகிற தகடு திரும்ப உலைக்குத்தான் போகும்.

இப்போது கையில் இருப்பது எழுத்து, படம் எதுவும் இல்லாத மொட்டை வில்லை. அது விறைப்பாக இருக்கும், அப்படியே அடித்தால் அச்சுத்தான் தேயும். நகை செய்கிற பத்தரைப் பார்த்திருப்பீர்கள், தட்டித் தட்டிக் கம்பி விறைத்துப்போனால் நெருப்பில் காட்டி இளக்குவார். அதே வேலைதான், மொட்டை வில்லைகளைக் கூட்டமாக உலைக்குள் அனுப்பி இளக்குவார்கள். பிறகு கழுவல், மினுக்கல். அதற்கு முன்னோ பின்னோ இன்னொரு இயந்திரம் வில்லையின் ஓரத்தை நெரித்து விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திவிடும். காசை மேசையில் வைத்துக் கண்ணை நிலைப்படுத்திப் பாருங்கள், நடுவில் இருக்கிற படத்தை விட ஓரம் கொஞ்சம் மேடாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆடாமல் நிற்பதும், படம் சீக்கிரம் தேயாமல் இருப்பதும் அதனால்தான். இருபது இருபதாக அடுக்கி எண்ணுகிற காசாளருக்கு அந்த விளிம்பின் அருமை தெரியும்.

கடைசி வேலைதான் அடி. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிவர ஓர் இரும்பு வளையம். வில்லை உள்ளே விழும், மேல் அச்சு ஒரே அடி, தலையும் பூவும் ஓரத்து வரியும் மூன்றும் ஒரே கணத்தில் விழுந்துவிடும். ஓரத்து வரி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், வளையத்தின் உட்பக்கத்தில் அந்தப் பல் வெட்டியிருக்கும், நசுங்குகிற உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி அந்தப் பல்லுக்குள் போய் உட்காரும். ரோயல் மின்றில் உள்ள இயந்திரங்கள் 60 தொன்னுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிமிடத்துக்கு 850 காசு வரை அடிக்கக்கூடியவை. நீங்கள் "ஒன்று" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பதினாலு!

அச்சு செய்வது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவியர் படத்தைப் பெரிதாகச் செய்வார், முன்பு சாந்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, இப்போது அநேகமாகக் கணினியில். அதைக் காசின் அளவுக்குச் சுருக்கி உருக்கில் ஒரு மூல அச்சு வெட்டுவார்கள். மூலத்தைக் காசடிக்கப் பயன்படுத்த மாட்டார்கள், அது வீட்டுப் பெரியவர் மாதிரி உள்ளேயே இருக்கும். அதிலிருந்து பிள்ளை அச்சு, பேரன் அச்சு என்று எடுத்து, பேரன்மாரைத்தான் வேலைக்கு விடுவார்கள். தேய்ந்தால் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்தவன்.

கேள்வி (நாவலடி, வாசகர்): சுனாமிக்குப் பிறகு 2007இல் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது, அம்மா காசு போட்டு வைத்திருந்த மைலோ ரின் மண்ணுக்குள் இருந்து வந்தது. ரின் துருப்பிடித்துக் கையில் எடுக்கவே உதிர்ந்துபோயிற்று. உள்ளே இருந்த பெரிய இரண்டு ரூபாய்க் குற்றிகள் கழுவினால் அப்படியே இருக்கின்றன. ஐந்து சதம், பத்து சதம் எல்லாம் வெள்ளை மாவாகக் கரைந்துவிட்டன. ஆனால் என் மகன் பிறந்த பிறகு சேர்த்த உண்டியலில், கடல் காணாமலே, ஐந்து ரூபாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்தக் காலத்துக் காசு நல்ல காசு, இப்போது ஏமாற்றுகிறார்களா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். அந்த ரின்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை எழுத எனக்குச் சொல் இல்லை.

முதலில் இரண்டு ரூபாய். 1984இல் முதன்முதலாக வந்த அந்தப் பெரிய குற்றி செம்பும் நிக்கலும் கலந்தது. வெளியில் பார்த்தால் வெள்ளை, ஆனால் அதில் பெரும் பங்கு செம்புதான், கால் பங்கு அளவு நிக்கல் சேர்ந்தாலே செம்பின் சிவப்பு ஓடி ஒளிந்துவிடும். இந்தக் கலவைக்கு உப்புத் தண்ணீர் பெரிய எதிரி இல்லை. கப்பல்களில் கடல் நீர் ஓடுகிற குழாய்களையே இதில் செய்கிறார்கள். ஆகவே இரண்டு வருடம் உவர்மண்ணில் கிடந்தும் அது அசையவில்லை.

ஐந்து சதமும் பத்து சதமும் 1978 முதல் அலுமினியம். மேலே தள்ளினால் ஊதிப் பறக்கிற மாதிரி இருக்குமே, அவைதான். அலுமினியம் தனியே கிடந்திருந்தால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது. ஆனால் உப்பு ஈரத்தில் அலுமினியமும் செம்புக் கலவையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பற்றரி. பற்றரியில் ஒரு பக்கம் கரைந்தால்தான் மற்றப் பக்கம் பிழைக்கும். கரைந்தது சதம். இரும்பு ரின்னும் அதே வரிசையில் இரண்டாவதாக நின்று உதிர்ந்திருக்கிறது. உள்ளே இருந்த ரூபாயைக் காப்பாற்றத்தான் இரண்டும் போயிருக்கின்றன என்று சொன்னால் அது கவிதை இல்லை, இரசாயனம்.

மகனின் ஐந்து ரூபாய்க்கு வருவோம். 2005இல் மத்திய வங்கி குற்றிகளின் உலோகத்தை மாற்றியது. அந்த வரிசையில் வந்த ஐந்து ரூபாயின் உடம்பு வெறும் உருக்கு, மேலே பித்தளை முலாம். வில்லையை வெட்டி, ஓரம் உயர்த்தி, அதற்குப் பிறகு முலாம் தொட்டியில் போடுவதால் ஓரமும் சேர்த்து மூடப்படும், அதுவரை சரி. ஆனால் முலாமின் தடிப்பு தலைமயிரை விடக் குறைவு. சாவிக்கொத்தோடு உரசி, தார் றோட்டில் விழுந்து, மீன்கடை உப்புக்கையில் ஊறி, எங்காவது ஊசிமுனை அளவு வாய் திறந்தால் போதும், ஈரம் உள்ளே போய் உருக்கைத் தின்னும். மேலே இருக்கிற பித்தளை வேறு அந்தப் பற்றரி வேலையைத் தொடங்கிவிடும், துரு இன்னும் வேகமாக ஓடும். உண்டியல் எங்கே வைத்திருந்தீர்கள்? நாவலடியில் எந்தச் சுவரைத் தொட்டாலும் உப்புத்தான், கடல் காண வேண்டும் என்றில்லை. நான் கல்லடியில் வேலை செய்த காலத்தில் மீன் வியாபாரிகள் கொண்டுவருகிற பையைத் தூரத்திலேயே தெரிந்துவிடும், பை ஓரம் செம்மண் மாதிரி கறை பிடித்திருக்கும்.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். செம்பும் நிக்கலும் விலை ஏற ஏற, ஒரு காசுக்குள் இருக்கிற உலோகத்தின் விலை காசின் பெறுமதியைத் தொட்டுவிடும். தாண்டினால் கதை முடிந்தது, அடுத்த நாளே மூட்டை மூட்டையாக உருக்கிவிடுவார்கள். இது உலகம் முழுக்க நடந்த மாற்றம், நமக்கு மட்டும் இல்லை. 2017இல் வந்த புது வரிசை துருப்பிடிக்காத உருக்கு, அதில் முலாம் உரிகிற தொல்லை இல்லை. ஒரு காந்தத்தை எடுத்து அம்மாவின் காசிலும் மகனின் காசிலும் காட்டிப் பாருங்கள், உருக்கு எது, செம்பு எது என்று அதுவே பிரித்துக் கொடுத்துவிடும்.

அம்மாவின் இரண்டு ரூபாய்களை மினுக்க வேண்டாம். அப்படியே வையுங்கள்.

கேள்வி (கோயில் நிர்வாக சபை உறுப்பினர், ஊர் வேண்டாமாம்): உண்டியல் காசு எல்லாம் கறுத்து, மஞ்சளும் சந்தனமும் ஒட்டிப் பிசுபிசு என்று இருக்கிறது. புளி போட்டுக் கழுவி வங்கிக்குக் கொண்டுபோகலாமா?

ஐயா, வெறும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திக் கொண்டுபோங்கள், அது போதும். புளி, தேசிக்காய், பித்தளை மினுக்கி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, அது முழுப் பித்தளை. இதில் பித்தளை வெறும் தோல், புளி அந்தத் தோலைத்தான் முதலில் தின்னும், அடுத்த திருவிழாவுக்கு அதே காசு துருவோடு திரும்பி உங்கள் உண்டியலுக்கே வரும்.

உலர்த்தாமல் மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். மாமாங்கத் தீர்த்தம் முடிந்த பிறகு ஒரு முறை என் கருமபீடத்துக்கு வந்த சாக்கில் அடியில் நனைந்த பூவும் அறுகம்புல்லும் கிடந்து, எண்ணும் இயந்திரம் கற்பூர மணத்தோடு நின்றுபோனது. அன்று இரவு எட்டு மணி வரை கையால் எண்ணினோம். பெரியவர் ஒருவர், "சாமி காசுடா, கோபிக்காதே" என்று சொல்லிக்கொண்டே எண்ணினார், அவர்தான் எல்லோரையும் விட அதிகம் கோபத்தில் இருந்தார்.

கேள்வி (காத்தான்குடி, கடை முதலாளி): ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கொடுத்தால் முகத்தைச் சுழிக்கிறார்கள். கொடுக்காவிட்டாலும் ஏசுகிறார்கள். டொபி கொடுத்துச் சமாளிக்கிறேன். இதற்கு என்ன வழி காக்கா? இவற்றை நிறுத்தினால் என்ன?

டொபியைத் திருப்பிக் கொடுத்தால் நீங்கள் வாங்குவீர்களா? அதுதான் விடை. மத்திய வங்கி வெளியிட்ட குற்றி எல்லாம் சட்டப்படி செல்லும் காசு. டொபி இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி நியாயமானது. கனடா 2012இல் ஒரு சதம் அடிப்பதை நிறுத்தியது. அமெரிக்காவில் ஒரு சதம் அடிக்க 2024இல் 3.69 சதம் செலவானது, கடைசியில் 2025 நவம்பரில் புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இங்கே 25 சதம், 50 சதத்தை யாரும் நிறுத்தவில்லை, தானாக மறைந்தது. இப்போதும் பெரிய கடை பற்றுச்சீட்டில் சதக் கணக்கு அச்சாகி வரும், கொடுக்கிறபோது அந்தச் சதம் காற்றில் போய்விடும். யார் பக்கம் போகிறது என்று உங்களுக்குத் தெரியும் முதலாளி!

என்னைக் கேட்டால் சில்லறைத் தட்டுப்பாட்டில் பாதி நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. உண்டியலில் ஐந்து வருடம் தூங்குகிற ஒவ்வொரு குற்றிக்கும் பதிலாக இன்னொன்றை வெளிநாட்டில் சொல்லி அடிப்பிக்க வேண்டும், அதற்குக் கொடுப்பது ரூபாய் இல்லை, டொலர். 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துப் பள்ளிவாசல், கோயில்காரரோடு ஓர் ஒழுங்கு பேசுங்கள். வாரம் ஒரு முறை அவர்களுக்குத் தாள், உங்களுக்குச் சில்லறை. எங்கள் பக்கம் ஒரு பேக்கரிக்காரர் அப்படித்தான் பல வருடமாகச் செய்கிறார், அவர் கடையில் டொபி விற்பனைக்கு மட்டும்தான்.

கேள்வி (அக்கரைப்பற்று, வாசகி): என் உம்மாவுக்குக் கண் மங்கல். முன்பு ஐந்து ரூபாய் மஞ்சள், மற்றது வெள்ளை என்று பிரித்துவிடுவா. இப்போது எல்லாம் ஒரே வெள்ளை. வடிவத்தையாவது மாற்றக் கூடாதா?

உம்மாவுக்கு என் முழு ஆதரவு. 2017 வரிசையில் எனக்குப் பிடிக்காததும் இதுதான். பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். 1909இலேயே ஐந்து சதத்தைச் சதுரமாக, மூலை மழுங்கலாக அடித்தார்கள். 1944இல் இரண்டு சதமும் பத்து சதமும் பூவிதழ் மாதிரி ஓரம் நெளிந்து வந்தன. என் அம்மம்மா கொட்டப்பெட்டிக்குள் இரண்டு விரலை விட்டு, பார்வை எங்கோ இருக்க, வாய் யாரோடோ கதைக்க, சரியாகப் பத்து சதத்தை எடுத்து ஐஸ்பழக்காரனுக்கு நீட்டுவா. அந்த விரலுக்குச் சதுரமும் நெளிவும்தான் கண்.

2009 ஆண்டு பொறித்து வந்த பத்து ரூபாய்க்குப் பதினொரு பக்கம். எண்ணிப் பாருங்கள், நான் எண்ணினேன். பக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு வசதி உண்டு: பக்கங்களை லேசாக வளைத்துவிட்டால் எப்படித் திருப்பினாலும் குறுக்களவு ஒன்றாகவே வரும், இயந்திரத் துவாரத்தில் மாட்டாது. இங்கிலாந்தின் ஏழு பக்க 50 பென்ஸ் அந்தக் கணக்கில்தான் 1969இல் வந்தது. உம்மாவுக்கு இப்போதைக்கு இரண்டு பை தைத்துக் கொடுங்கள், ஐந்து ஒன்றில், பத்து ஒன்றில். பெரிய யோசனை இல்லைதான், ஆனால் என் மனைவி அப்படித்தான் சமாளிக்கிறா.

கேள்வி (மட்டக்களப்பு நகர், மாணவி): காசின் ஓரத்தில் வரி வரியாக ஏன்?

காசு வெள்ளியாகவும் தங்கமாகவும் இருந்த காலத்தில் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துச் சேர்த்து விற்பார்கள், காசையும் செலவழிப்பார்கள். வரி போட்டால் சுரண்டியது உடனே தெரிந்துவிடும். புவியீர்ப்பு நியூட்டன் இருக்கிறாரே, அவர் 1696இல் இங்கிலாந்து அக்கசாலைக்குப் பொறுப்பாகப் போனவர், காசு சுரண்டியவர்களையும் கள்ளக்காசுக்காரரையும் தேடித் தேடிப் பிடித்தார். அப்பிள் கதை மட்டும் சொல்லித் தருகிற பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. உருக்குக் காசில் சுரண்ட ஒன்றும் இல்லை, வரி இப்போது விரலுக்காகவும் பழக்கத்துக்காகவும்தான்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, வாசகர்): வேளாங்கண்ணி போய் வந்தபோது மிஞ்சிய இந்தியக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே சிலதில் புள்ளி, சிலதில் நட்சத்திரம். கள்ளக்காசா?

இல்லை. இந்தியாவுக்கு நாலு அக்கசாலை. நட்சத்திரம் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, வைரம் மாதிரிச் சாய்சதுரம் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. நம் காசில் பொதுவாக அப்படிக் குறி கிடையாது, தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சம்மாந்துறை, வாசகர்): பழைய ஒரு குற்றிக்கு இலட்சக் கணக்கில் தருவதாக முகநூலில் விளம்பரம். என்னிடம் படம் ஒரு பக்கம் சரிந்து விழுந்த ஒரு ரூபாயும் இருக்கிறது. நல்ல விலை போகுமா?

இலட்சம் தருகிறேன் என்றவன் முதலில் 'பதிவுக் கட்டணம்' கேட்பான். கேட்டானா? அப்படியானால் விடை கிடைத்துவிட்டது.

சரிந்த படம் உண்மையான பிழைதான். வில்லை வளையத்துக்குள் ஒழுங்காக உட்காராமல் பாதி வெளியே நிற்கும்போது அச்சு விழுந்தால் அப்படி வரும். இதை விட அரிதான ஒன்று உண்டு: அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்து வருகிற வில்லையில் அந்தக் காசே அச்சாக இறங்கும், படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிக் குழிந்து விழும். நிமிடத்துக்கு எண்ணூறு அடிக்கிற இடத்தில் இவை நடக்கும், பெரும்பாலும் சோதனையில் பிடித்துத் தள்ளிவிடுவார்கள், ஒன்றிரண்டு தப்பி வரும். சேகரிக்கிறவர்கள் அதற்கு ஒரு விலை கொடுப்பார்கள், வீடு கட்டுகிற விலை இல்லை. யாராவது அரத்தால் தேய்த்துச் செய்ததோ என்று முதலில் பாருங்கள், ஓரத்தில் கீறல் தெரியும்.

உலோகத்துக்காகவே விலை உள்ளது என்றால் 1957இன் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய், அது வெள்ளி. அதே ஆண்டின் ஒரு ரூபாய் வெள்ளி இல்லை, இரண்டையும் குழப்பி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த, நடுவில் ஒரு நிறம் சுற்றிவர ஒரு நிறம் கொண்ட பத்து ரூபாய் அழகானது, ஆனால் நிறையப் பேரிடம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். சதுர ஐந்து சதம் முப்பதை ஒரு வியாபாரியிடம் 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்ற வார்த்தைக்குக் கொடுத்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி (கல்முனை, வாசகர்): 25 மாவட்டத்துக்கும் தனித்தனிப் பத்து ரூபாய் வந்ததாமே, அம்பாறைக்கும் உண்டா? எங்கே வாங்கலாம்?

உண்டு. 2013 என்ற ஆண்டோடு வந்த வரிசை அது, மாவட்டத்துக்கு ஒன்று. புழக்கத்துக்கு விட்டதுதான், ஆகவே வாங்க வேண்டாம், மிச்சக்காசு வாங்கும்போது பாருங்கள், பஸ் நடத்துநர்மாரின் பை நல்ல இடம். மட்டக்களப்பு என்னிடம் இரண்டு இருக்கிறது. அம்பாறை இன்னும் கிடைக்கவில்லை. உங்களுக்கு இரண்டு அகப்பட்டால் ஒன்றை எடுத்து வையுங்கள், மாற்றிக்கொள்வோம். தேய்ந்தது என்றாலும் பரவாயில்லை, புளி போட்டு மட்டும் கழுவிவிடாதீர்கள்.